டூயின் என்ற ஊர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். சிங்களம் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகியது. இங்கிலீஷில் எனக்கு நெடுங்காலம் தெரிந்திருந்தது இரண்டே சொற்கள்: ஒன், ஓஃப்.

முந்தல் என்ற ஊருக்குக் கிட்ட, உப்புநீர்க் களப்போரமாக உள்ள ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றூட்டும் சக்கரங்கள் இருக்கின்றன. அவை நின்றால் இறால் மூச்சு முட்டி மேலே வந்துவிடும். சக்கரங்களின் சுவிட்சுப் பெட்டியில் அந்த இரண்டு சொற்களும் எழுதியிருக்கும். ஒன் என்றால் ஓடு, ஓஃப் என்றால் நில் என்று நான் விளங்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் அந்தச் சொற்களிடம் எனக்கு வேலை இருக்கவில்லை.

மகளை என்னிடம் விட்டுவிட்டு என் மனைவி துபாய்க்குப் போன பிறகுதான் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. அவள் ஏன் போனாள் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத கதை. அவள் வேலைக்குச் சேர்ந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும், வீட்டுக்கார மெடத்தின் வயதான தாயும் இருந்தார்கள். எந்த நாட்டுக்காரர்களோ, வீட்டுக்குள்ளும் இங்கிலீஷில்தான் கதைப்பார்கள். என் மனைவி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் ஓரளவு தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் விமானம் ஏறினாள்.

போன கொஞ்ச நாளில் வட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, இந்த மனிசருக்கு ஒரு சொல்லு போதாது. எல்லாத்துக்கும் வால் ஒண்டு வேணும். லுக் எண்டா பார்க்கிறது, சரியா? லுக் ஃபோர் எண்டா தேடுறதாம். லுக் ஆஃப்டர் எண்டா புள்ளயக் கவனிக்கிறதாம். கண்ணு ஒண்டுதான், வால மாத்தினா வேல மாறிப் போகுது."

அப்படித்தான் எங்கள் பாடம் தொடங்கியது. இரவுச் சாப்பாடு முடிந்து அவர்கள் படுத்த பின்னர் அவள் பேசி அனுப்புவாள். மறுநாள் காலையில் குளத்து வரம்பில் நின்று போனைக் காதில் வைத்துக் கேட்பேன். வாய் அசையும், சத்தம் வராது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கூச்சம் உண்டு. தெரிந்த தமிழையே நாலு பேருக்கு முன்னால் கதைக்க மாட்டேன்.

"சும்மா வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. இறாலா சிரிக்கப் போகுது?" என்பாள்.

ஒன் என்றால் 'மேலே' என்று அவள்தான் சொன்னாள். மேசை மேல் இருப்பது ஒன், பெட்டிக்குள் இருப்பது இன், வாசலில் நிற்பது அட். நாங்கள் மேசையில, பெட்டியில, வாசலில என்று ஒரே 'இல'வை வைத்து ஆயுசை ஓட்டிவிடுகிறோம். அவர்களுக்கு மூன்று தேவைப்படுகிறது. காரில் போனால் இன், பஸ்ஸில் போனால் ஒன்.

"பஸ்சுக்கு மேலயா இருக்காங்க?" என்று நான் கேட்டு அனுப்பினேன்.

"நானும் அதத்தான் மெடத்திட்டக் கேட்டேன். சிரிச்சாங்க, காரணம் சொல்லல்ல. அவங்களுக்கே தெரியா போல."

ஒரு நாள் மெடம் குழந்தையைக் காட்டி, புட் ஹிம் டவுன் என்றிருக்கிறார். இவள் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டு எழும்பி நின்றாள். தூங்கப் போடு என்று அர்த்தமாம். இன்னொரு நாள் பாட்டுப் பெட்டியை டேர்ன் டவுன் செய்யச் சொன்னார்கள். இவள் அதை முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். இப்படி விழுந்தெழும்பித்தான் பழகினாள். எங்கள் தமிழிலும் இந்த விளையாட்டு இருக்கிறது என்று அவளே ஒரு நாள் கண்டுபிடித்தாள். "வாங்கிறது எண்டா கடையில வாங்கிறது. வெளுத்து வாங்கிறது எண்டா? வெள்ளக்காரன் வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவீங்க?"

அவள் சொன்னவற்றில் ஒன்று எனக்கு மறக்கவேயில்லை. எங்கே போனாலும், எங்கே வந்தாலும் டூ என்ற சின்னச் சொல் வேண்டும். ஸ்கூலுக்கு டூ, கடைக்கு டூ, கொழும்புக்கு டூ. "வீட்டுக்கு மட்டும் டூ வராதாம். கோ ஹோம், கம் ஹோம். அவ்வளவுதான். வீட்டுக்குப் போக ஒண்டும் தேவல்லயாம்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இருக்கவில்லை. நான் அந்தக் குரல் பதிவை அன்று இரண்டாவது தரமும் கேட்டேன்.

அந்த அழைப்பு வந்தது ஒரு காலை நேரம். ஒரு சக்கரத்தின் மோட்டர் பழுதாகி வரம்பில் கழற்றிக் கிடந்தது. அதைத் திருத்த சிலாபத்துப் பக்கத்திலிருந்து மோட்டர் பாஸ் வந்திருந்தார். மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாரையும் நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைப்பார். மற்றச் சக்கரங்கள் பெரும் சத்தத்தோடு தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.

போனில் தெரியாத இலக்கம், ஆனால் துபாய் இலக்கம். மனைவிதான் வேறு யாருடைய போனிலோ எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு பெண்ணின் குரல் என் மனைவியின் பெயரைச் சொன்னது. "யெஸ்" என்றேன். பிறகு அந்தக் குரல் இங்கிலீஷில் ஓடத் தொடங்கியது. நான் சக்கரங்களிலிருந்து விலகி ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினாலும் இன்னொரு குளம் இருந்தது. கிச்சன் என்ற சொல் கேட்டது. ஷி பாஸ்ட் என்று கேட்டது, அதற்குப் பின்னால் வந்தது தண்ணீர்ச் சத்தத்தில் போயிற்று. ஷி கேம் டூயின் என்று தெளிவாகக் கேட்டது, பிறகு கார் என்றது. கடைசியில் ஹொஸ்பிட்டல். இடையிடையே நான் "யெஸ் மெடம், யெஸ் மெடம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். எனக்கு விளங்குகிறது என்று அந்த மனுசி நினைத்திருக்க வேண்டும்.

"தேங்க் யூ மெடம்" என்றேன்.

போன் வைக்கப்பட்டுவிட்டது. எதற்கு நன்றி சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க இங்கிலீஷ்கூடத் தேவையில்லை. ஹலோ, ஹலோ என்று கத்தியிருந்தாலே போதும். எனக்கு வாய் வரவில்லை. திருப்பி எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மனைவியின் போனுக்கு எடுத்தேன். அதுவும் அப்படியே.

"என்ன நானா, மூஞ்சி ஒரு மாதிரி? நோனா கோல் எடுத்ததா?" என்றார் பாஸ். சிங்களவர்கள் முஸ்லிம்களான எங்களை நானா என்பார்கள். நோனா என்றது என் மனைவியை.

"அவட மெடம் எடுத்த. அவ என்னமோ பாஸ்…"

"பாஸ்? என்னயா?" கையிலிருந்த ஸ்பேனரைத் தன் நெஞ்சில் வைத்துச் சிரித்தார். "துபாய்லயும் என்ட பேர் தெரியுமா?"

"இல்ல பாஸ். அவ பாஸ்ட் எண்டாங்க. ஹொஸ்பிட்டல் எண்டும் சொன்னாங்க."

"ஆ, பாஸ் அவுட்! என்ட தங்கச்சிட மகனும் பொலிஸ் ட்ரெய்னிங் பாஸ் அவுட். பரேட் பார்க்க எல்லாரும் போனோம்." பாஸ் எழும்பிக் கையைத் துடைத்தார். "நோனா கோர்ஸ் செஞ்சிருக்கும் நானா. கிழவியப் பார்க்கிற வேலதானே? ஹொஸ்பிட்டல்ல நர்ஸ் கோர்ஸ். ஷா! இனி நானா நர்ஸ் நோனாட புருசன். பார்ட்டி எங்க?"

எங்கள் நாட்டில் பாஸ் அவுட் என்றால் அதுதான். கெம்பஸ் முடித்தவர் பாஸ் அவுட் ஆனவர். பொலிசில் பயிற்சி முடித்தவரும் அப்படித்தான். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று நினைக்க எங்கள் இருவருக்கும் காரணமில்லை. பாஸ் என் முதுகில் தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு குளத்துக்குத் தீன் போட்டு முடியும் வரை நான் நர்ஸ் ஒருத்தியின் கணவனாக இருந்தேன்.

அடுத்த குளத்துக்குப் போகும்போது கிச்சன் என்ற சொல் நினைவுக்கு வந்தது. கோர்ஸ் முடிக்கிறவள் எதற்குக் கிச்சனில் முடிக்க வேண்டும்? தீன் வாளியை வரம்பில் வைத்தேன். சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளும்படி பாஸிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், எங்கள் வீட்டுக்குப் பின் வளவில் இருக்கிறான். விமான நிலையத்திலிருந்து வெள்ளைக்காரர்களைக் கற்பிட்டிக்கு வேனில் ஏற்றி வருகிற வேலை. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷை வாய் விட்டுக் கதைக்கிற ஒரே ஆண் அவன்தான். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான் இந்த நேரத்தில? பண்ணைய இறாலுக்கிட்ட பாரம் குடுத்திட்டு வந்தீங்களா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவன் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் தானாகக் கீழே சரிந்தது.

"பாஸ்ட் எண்டாங்களா?"

"ஓம்."

"பின்னால?"

"என்ன பின்னால?"

"பாஸ்ட்டுக்குப் பின்னால ஒரு சொல்லு வந்திருக்கும், மச்சான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவுட்டா, அவேயா?"

"அவுட் எண்டா?"

"மயங்கி விழுறது."

"அவே எண்டா?"

அவன் குனிந்து குழாயைப் பூட்டினான். பூட்டியதையே இன்னொரு தரம் இறுக்கினான். "உள்ள வாங்க" என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்களிடமும் அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. தவறி விழுந்தாள் என்றால் கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம். தவறிப் போனாள் என்றால் யாசீன் ஓத வேண்டும். 'தவறி' வரைக்கும் கேட்டுவிட்டு, அடுத்த சொல்லைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவனாக நான் அந்த வீட்டுப் படியில் நின்றேன்.

உள்ளே கதிரையில் இருத்தி அவன் என்னை விசாரித்தான். கோபமில்லை, ஆனால் அவசரம்.

"பாஸ் அவுட் எண்டுதான் நினைவு" என்றேன்.

"நினைவா, கேட்டீங்களா?"

"பாஸ் அவுட் எண்டு பாஸ்தான் சொன்ன."

"எந்த பாஸ்?"

"மோட்டர் பாஸ்."

"மச்சான்! மோட்டர் பாஸ் சொன்னது வேணாம். மெடம் என்ன சொன்னாங்க?"

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. பாஸ் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் அது என் காதில் இருந்ததா, அவர் சொன்ன பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா? கண்ணை மூடி அந்தக் குரலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவுட் என்று நினைத்துக் கேட்டால் அவுட் என்றது. அவே என்று நினைத்துக் கேட்டால் அதுவும் சரியாகப் பொருந்தியது. எங்கள் பாஷையில் சின்னச் சொற்கள் பெரிய சொல்லின் உடம்போடு ஒட்டியிருக்கும். வீட்டுக்கு என்பதில் 'க்கு' தனியாகக் கழன்று விழாது. இவர்களுடைய சின்னச் சொற்கள் தனியாக நடக்கின்றன. கைவிட்டுப் போகக்கூடியவை.

"பாஸ்ட் எண்டு மட்டும் சொன்னாலும்…" என்று தொடங்கி மச்சான் நிறுத்தினான். "சரி, அத விடுங்க. வேற என்ன கேட்டிச்சு?"

"ஷி கேம் டூயின். அது நல்லாக் கேட்டிச்சு. பிறகு கார்."

"டூயினா?"

"ஓம். டூ எண்டா, பின்னால ஊர்ப் பேர் வரும்தானே? நான் ஊர்ப் பேரத்தான் காத்திட்டு இருந்தேன். கேம் எண்டு சொல்லி, டூயின் எண்டு சேர்த்துச் சொல்லிட்டாங்க. அந்த ஊர் ஹொஸ்பிட்டலுக்குக் காரில கொண்டு போனதாக்கும்."

அவன் போனில் வரைபடத்தைத் திறந்தான். துபாய் முழுக்கத் தேடினான். பிறகு அபுதாபி, சார்ஜா.

"ட்வின் எண்டு ஒரு ஹோட்டல் காட்டுது."

"ஹோட்டல் இல்ல மச்சான், ஹொஸ்பிட்டல்."

"எனக்கும் தெரியும்."

மெடத்தின் இலக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பினான். ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. இரண்டாவது விழவில்லை. போன் அணைந்திருக்கும் என்றான். நாங்கள் இருவரும் அந்த ஒற்றைக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டூயினை எந்த வரைபடமும் காட்டவில்லை. ஆனால் எனக்கு அது தெரிந்தது. மணல், வெயில், நீளமான ஒரு வெள்ளை மதில். மதிலுக்கு உள்ளே யாரென்று தெரியாத ஆட்கள், உடல் வைத்த ஒரு சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து போகிறார்கள். அந்த நாடுகளில் மவுத்தானால் அங்கேயே அடக்கிவிடுவதும் உண்டு. ஊரில் அப்படி இரண்டு வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்களுக்கு, அடக்கிய கப்றைப் படத்தில்தான் காட்டினார்கள். டூயின் என்ற பெயரை நான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நாளைக்கு யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று.

பகல் லுஹர் தொழுதோம். மாமிக்கு, என் மனைவியின் உம்மாவுக்கு, எதுவும் சொல்ல வேண்டாம் என்று மச்சான் சொன்னான். மகளுக்கும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேன். அவளுக்கு அது ஓ.எல். சோதனை வருடம். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் என் வீட்டுக்குப் போய் இருந்தோம். அவள் வரும்போது வீட்டில் நான் இல்லாவிட்டால் பண்ணையில் இருக்கிறேன் என்று நினைப்பாள், இருந்தால் ஏன் என்று கேட்பாள். எது நல்லது என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

அவளுக்கு முன்னால் மோட்டர் பாஸ் வந்துவிட்டார். மோட்டர் சைக்கிளில் ஒரு கேக் பெட்டி.

"நானா பார்ட்டி வைக்காமப் போனா நான் விடுவனா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். "சக்கரம் எல்லாம் ஓடுது, பயப்பட வேணாம். நர்ஸ் நோனாவுக்குக் கேக். நோனா இல்ல, சரி, நானா சாப்பிடுங்க."

பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். வெள்ளைக் கிரீமில் மஞ்சள் பூக்கள் வைத்த கேக். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான்தான் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான். பாஸ் அவுட் என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்கு மயக்கம் என்று சொன்னான். அது அவுட்தானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னான்.

பாஸ் தொப்பியைக் கழற்றினார். "நான் பெரிய ஆள் மாதிரி சொல்லிட்டேன், நானா" என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மகள் வந்தாள்.

"யாருக்கு பர்த்டே?" என்றாள், புத்தகப் பையை இறக்காமலே.

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "என்ன மாமா?" என்றாள். மச்சானுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் வேகமாகத் தெரியாது.

"ஒண்டுமில்ல மகள். டூயின் எண்டு ஒரு எடம் இரிக்காம். அதத் தேடுறோம்."

"எந்த நாட்டில?"

"உம்மாட மெடம் போன்ல சொன்ன. வாப்பாவுக்குச் சரியா விளங்கல்ல."

"எப்பிடிச் சொன்னாங்க? முழுசாச் சொல்லுங்க வாப்பா."

நான் சொன்னேன். என் வாயால், சத்தமாக, மூன்று பேருக்கு முன்னால் நான் சொன்ன முதல் இங்கிலீஷ் அதுதான். "ஷி கேம் டூயின் த கார்."

மகள் சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை. பையோடு கதவில் சாய்ந்து, வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்த நேரத்தில் கேட்க எங்களால் முடியவில்லை. பாஸ் நிலத்தைப் பார்த்தார்.

"டூயின் இல்ல வாப்பா! அது ரெண்டு சொல்லு. கேம் டூ. பிறகு, இன் த கார். உம்மாவும் இதிலதான் மாட்டின. உங்களுக்குச் சொல்லல்லயா?"

"இல்ல" என்றேன்.

"அந்தக் கிழவி ஒரு நாள் மயங்கிட்டாங்களாம். கொஞ்ச நேரத்தால மெடம் வந்து, ஷி கேம் டூ எண்டாங்களாம். உம்மா பார்த்துக்கொண்டே நிண்டாவாம், எங்க வந்த எண்டு சொல்லுவாங்க எண்டு. சொல்லல்ல. அதால உம்மா கேட்டாவாம், டூ வெயார், மெடம்? எண்டு." அவள் மறுபடி சிரித்தாள். "டூவுக்குப் பின்னால ஒண்டும் வராதாம். மயக்கம் தெளிஞ்சு முழிக்கிறதுக்குத்தான் கம் டூ எண்டு சொல்றதாம்."

பாஸ் தலையை நிமிர்த்தினார். மச்சான் எழும்பிவிட்டான்.

"திரும்பச் சொல்லு."

"என்னத்த? கம் டூ எண்டா முழிப்பு வாறது. காரில வச்சு முழிச்சிருக்காங்க." அவள் சிரிப்பு முடிந்திருக்கவில்லை. "ஆரு மயங்கின? அந்தக் கிழவி திரும்பவும்…"

அப்போதுதான் அவள் மேசையைப் பார்த்தாள், பிறகு பாஸின் மடியிலிருந்த தொப்பியை, பிறகு என்னை. நான் எதையும் மறைக்கத் தெரியாதவன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

"உம்மாவா?"

"ஓம் மகள்."

பை அவள் தோளிலிருந்து விழுந்தது. மச்சான் அவளைப் பிடிக்கப் போனான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். நாங்கள் எதற்குப் பயந்தோம் என்று விளங்கிக்கொண்டு அவள் சொன்னது தெளிவாக இருந்தது.

"மவுத்தானவங்க கம் டூ ஆக மாட்டாங்க, வாப்பா."

அதை நாங்கள் பிடித்துக்கொண்டோம். எனக்குச் சந்தேகம் முற்றாகப் போகவில்லை. டூயின் என்பதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று இன்னொரு கேள்வி உள்ளே எழும்பியது. ஆனால் அந்தச் சொல்லை எனக்கு யாரும் எடுத்துத் தரவில்லை. மோட்டர் பாஸ் தரவில்லை, மச்சான் தரவில்லை. இல்லாத ஒரு ஊரை நானாகக் கட்டியிருக்க முடியாது. அதை என் காதுதான் கொண்டுவந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் அவளும், இந்தப் பக்கம் நானும் அந்த ஒரே சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஊர்ப் பெயருக்காகக் காத்து நின்றிருக்கிறோம்.

மதில் போயிற்று. சந்தூக்கு போயிற்று. டூயின் என்ற ஊர் இரண்டாக உடைந்து டூ என்றும் இன் என்றும் ஆனது.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் போன் அடித்தது. மெடத்தின் இலக்கம். மச்சான் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"ஹலோ" என்றேன்.

"இஞ்ச பாருங்க" என்றது அந்தக் குரல்.

நான் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் காதோடு காதை ஒட்டிக்கொண்டாள். என் மனைவி சுன்னத்தான நோன்பு பிடித்துக்கொண்டு, அவண் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறாள். இரத்தம் குறைவாம். இரண்டு நாளைக்கு ஹொஸ்பிட்டலில் வைத்திருப்பார்களாம். மெடத்தின் போனில் சார்ஜ் போய்விட்டதாம். தன்னுடையது வீட்டில் கிடக்கிறதாம். இதையெல்லாம் அவள் மெதுவாக, இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"மெடம் உங்களுக்கு எல்லாம் விளக்கமாச் சொன்னதாச் சொன்னாங்க. நீங்க தேங்க் யூ எண்டீங்களாம்."

"ஓம்" என்றேன்.

"விளங்கினதா?"

"மோட்டர் பாஸ் வந்து இரிக்கார். நீ நர்ஸ் கோர்ஸ் முடிச்சிட்டாய் எண்டு கேக் கொண்டு வந்திரிக்கார்."

அந்தப் பக்கத்தில் ஒரு மெல்லிய சத்தம். சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பாஸ் அவுட்" என்றாள் அவள், யாரும் விளக்காமலே. இந்தப் பக்கம் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. தமிழில் சொல்லப் போனால் அழுதுவிடுவேன் போல் இருந்தது. அதனால் அவள் படிப்பித்ததையே எடுத்தேன்.

"கம் டூ ஹோம்" என்றேன்.

பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

"டூ வராது" என்றாள். குரல் உடைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ இங்கிலீஷில் அவளிடம் ஏதோ கேட்டார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்ப என்னிடம் வந்தாள். "ஊசி போட வந்திருக்காங்க. சரி, வாறேன்."

இந்தச் சொல்லை நாங்கள் எதற்கெல்லாம் சொல்கிறோம்! புறப்படும்போதும் வாறேன், கதையை முடிக்கும்போதும் வாறேன், உண்மையாகவே வரும்போதும் வாறேன். அதற்கு வால் இல்லை, முன்னாலோ பின்னாலோ ஒரு சின்னச் சொல்லும் இல்லை. மற்ற நாள் என்றால் நான் சரி என்று போனை வைத்திருப்பேன். எது என்று பிறகு நானாக யோசித்துக்கொண்டிருப்பேன்.

"எந்த வாறேன்?" என்று கேட்டேன். மச்சானும் பாஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "போன வைக்கிற வாறேனா, வீட்டுக்கு வாற வாறேனா?"

அந்தப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது. அது தூரமாகிப் போயிற்று.

"ரெண்டாவது" என்றாள்.